மலிவு பேஸ் கிட்டாரும் என் தொண்டையும்

அறுவை சிகிச்சைக்கு முன்பு டாக்டர் காகிதத்தில் படம் வரைந்தே காட்டினார். கழுத்தில் இருக்கிற கட்டியை எடுத்தாக வேண்டும். கட்டிக்குப் பின்புறமாகக் குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. நூல் கனம்தான் இருக்கும். கட்டியோடு அது ஒட்டிக்கொண்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கட்டி போயிற்று, அதோடு குரலும் போயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்ன எல்லோருக்கும் குரல் நன்றாக இருந்தது.

முழு ஊமை இல்லை. வாயைத் திறந்தால் காற்று வரும். பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால் அந்தக் காற்றில் சொற்களும் இருப்பது தெரியும். ஆனால் நான் வேலை செய்வது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில். ஸ்ப்ரே மெஷின், காற்றை இழுக்கிற விசிறிகள், தோலைக் காயவைக்கிற நீளமான கூண்டு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இரைச்சல். தோலின் நிறம் மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா, மேல்பூச்சு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. முன்பெல்லாம் இந்தக் கோடியில் நான் கத்தினால் அந்தக் கோடியில் மெஷினை நிறுத்துவார்கள். இப்போது சாக்பீஸால் தோலின் பின்புறம் எழுதிக் காட்டுகிறேன். முதல் மாதம் எல்லோரும் பொறுமையாக வந்து குனிந்து கேட்டார்கள். "இன்னா சார், கேக்கல." இன்னொரு தரம் சொல்வேன். "கேக்கல சார்." மூன்றாம் மாதம் என்னை விட்டுவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரிடம் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் குனிவான்?

வீட்டில் குனிவதற்கும் ஆள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவி மஸ்கட்டில் நர்ஸ். ஆபரேஷனுக்கு இருபது நாள் லீவில் வந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, தையல் பிரித்ததும் திரும்பிப் போனாள். தினமும் மாலை ஏழரைக்கு போன் பண்ணுவாள். ஜெபம் பண்ணுவோம், பிறகு ஒரு பாட்டுப் பாடுவோம். அவள் அங்கே போன நாளிலிருந்து இந்தப் பழக்கம். அவள் மேல்குரலில் ராகத்தைப் பாட, நான் அடிக்குரலில் பேஸ் பாடுவேன். போனில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும், ஆகையால் துரத்திக்கொண்டே பாடி முடிப்போம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த போன் என் பேச்சைப் பேச்சாகவே மதிக்கவில்லை. காற்றுச் சத்தம் என்று நினைத்து அதுவே வடிகட்டிவிடுகிறது. "லைன்ல இருக்கீங்களா? ஹலோ? இருந்தா போனைத் தட்டுங்க" என்பாள். நான் நகத்தால் தட்டுவேன். ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. சாப்பிட்டீங்களா, டொக். மாத்திரை போட்டீங்களா, டொக். கோபமா, டொக் டொக். இருபத்து நாலு வருஷத் தாம்பத்தியம் இதில் வந்து நின்றது. பாட்டை அவள் தனியாகப் பாடுவாள். இந்தப் பக்கம் நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உள்ளதைச் சொன்னால், தொழிற்சாலையில் கேட்காததையும் போனில் கேட்காததையும் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். கோயிலில் கேட்காமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருபத்தெட்டு வருஷம் பேஸ் பாடியவன் நான். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல். அதில் ஆக அடியில் போவது பேஸ். இருக்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே சபையாருக்குத் தெரியாது. நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். ஒரு காலத்தில் பின்வரிசையில் ஆறு பேர் பேஸ் நின்றோம். சென்னைக்குப் போனவர்கள், பெங்களூருக்குப் போனவர்கள், கல்லறைக்குப் போனவர்கள் போகக் கடைசியில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இடத்தில் போய் நின்று வாயை மட்டும் அசைத்தேன். பாட்டு தரையில் கால் பாவாமல் மிதந்தது. பாடகர் குழுவை நடத்துகிறவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆராதனை முடிந்ததும் வந்து, "நீங்க சும்மா வந்து நின்னாலே போதும் அண்ணா, எங்களுக்கு அதுவே பலம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சும்மா நிற்பதற்கு ஒரு தூண் போதாதா? அடுத்த வாரத்திலிருந்து நான் சபையாரோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பாட்டு வரும்போது பாட்டுப் புத்தகத்தைக்கூடத் திறக்க மாட்டேன்.

டிசம்பரில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் பேஸ் கிட்டார் வாசிக்கிற வீடியோ வந்தது. சாதாரண பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகக் கம்பிகள் பதித்திருக்கும், ஃப்ரெட் என்பார்கள். விரலைச் சுமாராக வைத்தாலும் அந்தக் கம்பி ஸ்வரத்தைச் சரியாக நறுக்கிக் கொடுத்துவிடும். வீடியோவில் வாசித்தவருடைய கிட்டாரில் அந்தக் கம்பிகளே இல்லை. வழுவழுவென்று மரம் மட்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு விரல் வழுக்கிக்கொண்டு போனது. யாரோ ஆள் முனகுகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன். கீபோர்டில் இது வராது. அது படிப்படியாகத்தான் ஏறும், இறங்கும். மனுஷக் குரல்தான் இரண்டு படிக்கு நடுவிலும் கால் வைக்கும். சோற்றுக் கையோடேயே ஆன்லைனில் தேடி, ஃப்ரெட் இல்லாததில் எது ஆக மலிவோ அதை ஆர்டர் போட்டுவிட்டேன்.

பார்சல் வருவதற்குள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய்தான் இல்லையே, கை இருந்தது. டீச்சருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். இனிமேல் பேஸ் நான் பார்த்துக்கொள்கிறேன், பெரிய வெள்ளிக்கு வழக்கமாகப் பாடுகிற நாலு குரல் பாட்டை விட்டுவிட வேண்டாம் என்றேன். அந்தப் பாட்டுக்கு உயிரே அடியில் போகிற பேஸ்தான். பேஸ் இல்லாததால் இந்த முறை வேறு பாட்டு எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். டீச்சர் உடனே பதில் போட்டார். "ரொம்ப சந்தோஷம் அண்ணா. ஆனா பெரிய வெள்ளிக்கு நம்ம சபைல வாத்தியம் கிடையாதே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனையில் எங்கள் சபையில் வெறும் குரல்தான். கீபோர்டுக்குத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மணிகூட அடிக்க மாட்டார்கள். தெரிந்தும் நான் எழுதினேன்: "இது வாத்தியம் மாதிரி இருக்காது." அதற்கு அவர் கும்பிடுகிற இரண்டு கைகளின் படத்தை மட்டும் அனுப்பினார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

பார்சல் வந்தது. எடுத்து மாட்டி, ஓசையைப் பெருக்குகிற சின்ன ஆம்ப் ஒன்றில் சொருகித் தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின சத்தம். கையைத் தந்தியிலிருந்து எடுத்தால் 'ங்ஙொய்' என்று ஈ மொய்க்கிற இரைச்சல். தந்திகள் கழுத்தின் மேலிருக்கிற விரல் பலகையிலிருந்து அரை விரல் உயரத்தில் தொங்கின. அழுத்துவதற்குள் விரல் நுனி கன்றிப்போயிற்று. ஒவ்வொரு ஸ்வரமும் டப்பென்று பிறந்து டப்பென்று செத்தது. வீடியோக்காரரின் முனகல் எங்கே, இது எங்கே. விரல் பலகையில் ஃப்ரெட் இருக்க வேண்டிய இடங்களில் வெள்ளைக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள், பழகுகிறவர்களுக்கு அடையாளமாக. அது ஒன்றுதான் ஆறுதல்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அடியில் தந்திகளைத் தாங்குகிற திருகுகளை இறக்கி உயரத்தைக் குறைத்தேன். உள்ளே வயர்கள் ஓடுகிற பள்ளத்தில் சமையல் ஃபாயிலை ஒட்டி இரைச்சலைப் பாதியாக்கினேன். சத்தம் மட்டும் திருந்தவில்லை. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இணையத்தில் என்ன சொல்கிறார்கள் என்று தேடினேன். மலிவுக் கிட்டார்களில் விரல் பலகை மெத்தென்ற மரமாக இருக்கும், ஓசையைக் குடித்துவிடும், மேலே கண்ணாடி மாதிரி ஒரு கடினப் பூச்சு ஏற்றினால் தந்தி பாடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பூச்சா? அதை எனக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்? இருபத்தாறு வருஷமாக நான் தின்கிற சோறே பூச்சுப் போட்ட சோறு.

தோலுக்குக் கடைசியாக அடிக்கிற பளபளப்பு லாக்கர் எங்கள் பிரிவில் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் கேட்டு, டின்னில் அடியில் மிஞ்சியதை வாங்கிக்கொண்டேன். அந்த சூப்பர்வைசர் பாய் என்னோடு அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர், பழைய தோஸ்த். தொழிற்சாலையில் இன்னமும் என் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற ஒரே ஆள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மொட்டை மாடி நிழலில் கிட்டாரைக் கிடத்தி, தந்திகளைக் கழற்றி, ஒரு கோட் அடித்துக் காயவிட்டு இன்னொரு கோட் என்று ஆறு கோட் ஏற்றினேன். ஒரு தூசி விழவில்லை, ஒரு குமிழி இல்லை. கருப்பு பார்ட்டி ஷூவைப் போல மின்னிற்று. அதில் என் முகம் தெரிந்தது. பெருமையில் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் காயவைத்துத் தந்தியை மாட்டி இழுத்தேன். ஓசை முன்பிருந்ததைவிட மோசம். போர்வைக்குள் வைத்துத் தட்டின மாதிரி அமுங்கிப் போயிற்று. இன்னும் காய வேண்டுமோ என்று ஒரு வாரம் விட்டேன். விரலை வழுக்கவிட்டால் வழுக்கவில்லை, ஆம்பூர் வெயிலுக்கு அது இளகிப் பிடித்துக்கொண்டது. தந்தி பட்ட இடமெல்லாம் நீள நீளமாகப் பள்ளம். மறுநாள் டீ குடிக்கிற இடத்தில் போனில் படத்தைக் காட்டி பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், டீயைத் துப்பிவிட்டார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? நம்ம லாக்கரு மடிச்சா வெடிக்கக் கூடாதுன்னுதானே செய்றான்? ஷூ நடக்கும்போது மடியணும்ல? அதுக்காவ ரப்பர் மாதிரியே வெச்சிருக்கான். உன் கிட்டார மடிச்சு பாக்கெட்ல போடப் போறியா நீ?"

கொஞ்சம்கூட இறுகாமல், எத்தனை தடவை மடித்தாலும் கூடவே மடிகிற பூச்சு வேண்டும் என்று டெஸ்ட் பண்ணிப் பண்ணித் தேறாததைத் திருப்பி அனுப்புகிறவனே நான்தான். உலகத்தில் வேறு யார் கிட்டார் வாங்கியிருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கையில் தொழில் இருக்கிற திமிரில் நான் செய்தேன்.

அந்த சனிக்கிழமை பிற்பகலில் லாக்கரைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் துடைத்து எடுத்தேன். லாக்கர் வழிந்து வந்தது. அதோடு அந்த வெள்ளைக் கோடுகளும் வந்தன. அவை மரத்தில் பதித்த கோடுகள் இல்லை, வெறும் அச்சு. மலிவு மலிவுதான். துணியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்பதற்கு இனி ஒரு அடையாளமும் கிடையாது. மொட்டை மரம். பெரிய வெள்ளிக்கு ஏழு வாரம்கூட இல்லை. கிட்டாரைப் பெட்ஷீட்டில் சுற்றி பீரோவுக்குப் பக்கத்தில் சாத்தினேன். குரல் போனபோது அழாதவன் அன்றைக்கு அழுதேன். அழுகையிலும் சத்தம் வரவில்லை, மூக்குதான் ஒழுகிற்று.

பத்து நாள் அதைத் தொடவில்லை. பாய் மட்டும் ஒரு தடவை, "கோடும் போச்சா? சரி வுடு, ஜாஸ்தி பேஜார் ஆவாத" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். பதினோராம் நாள் வழக்கம்போல ஏழரைக்கு போன் வந்தது. ஜெபம் முடிந்து மனைவி பாட ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவள் அடுத்த வரிக்குப் போவதற்கு முன்பே என் தொண்டை கீழே இறங்கித் தயாராக இருந்தது. சத்தம் வராதே தவிர, அந்த இடம் எது என்று தொண்டைக்கு இன்னும் தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் போய் வந்த வழி. அவள் பாட்டை முடித்து வைத்ததும் பெட்ஷீட்டை அவிழ்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் வாயைத் திறந்து அந்த ஸ்வரத்தை ஊமையாகப் பாடினேன். தொண்டை போய் நின்றதும் விரலை மரத்தில் வைத்து, காது ஆமாம் என்கிறவரை மேலும் கீழும் நகர்த்தினேன். கோடு இருந்தபோது கண்ணால் பார்த்து விரலை வைத்தேன், விரல் சரியாகத்தான் விழுந்தது, ஆனால் ஸ்வரம் செத்துத்தான் பிறந்தது. இப்போது கொஞ்சம் கீழே தொட்டு மெல்ல மேலே தூக்கிச் சேர வேண்டியிருந்தது. அந்தத் தூக்கலில்தான் அந்த முனகலின் ஒரு நுனி முதல் தடவையாகக் கேட்டது. அரை நொடிதான். நான் அதை விடவில்லை. தினமும் வேலை விட்டு வந்து, சோறு வைத்துவிட்டு, குக்கர் விசில் வருகிறவரை அந்தப் பெரிய வெள்ளிப் பாட்டையே இழைத்தேன்.

பிறகு மனைவியிடம் பரீட்சை வைத்தேன். போனை ஆம்புக்கு முன்னால் நிறுத்தி, அவள் பாட நான் வாசித்தேன். பாட்டை நிறுத்திவிட்டு, "என்னங்க அது, பக்கத்து வீட்ல ஏதாவது இடிக்கிறாங்களா?" என்றாள். நான் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு எழுதி அனுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. "டொப்பு டொப்புன்னுதான் கேக்குது. பாட்டா கேக்கல" என்றாள். அங்கேயும் அதே கேக்கல.

என் அறையில் கனமாக, கம்பீரமாக இருந்த ஓசை போன் வழியே போனதும் வெறும் இடிச் சத்தமாகியிருந்தது. யோசித்துப் பார்த்தால், தரையை அதிர வைக்கிற அந்த ஆழம் எனக்கு மட்டும்தான் சுகம். மனுஷக் குரலில் அவ்வளவு ஆழம் கிடையாது. ஆம்பில் அடி ஓசையைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், நடு ஓசையை ஏற்றினேன். அறையில் கேட்க மெலிவாக, மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவேயில்லை. அடுத்த நாள் அவள், "இப்ப பாட்டு தெரியுது. ஜலதோஷம் புடிச்ச ஆளு பாடற மாதிரி இருக்கு" என்றாள். ஆளு என்றாள். எனக்கு அது போதும்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு மாற்றம், ஒவ்வொரு மாலையும் அவள் தீர்ப்பு. கட்டை விரலின் பக்கச் சதையால், கழுத்து முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் மெல்ல இழுத்தால் ஓசை உருண்டு வந்தது. பலமாக இழுத்தால் பல்லைக் காட்டிற்று. சொரசொரத் தந்தியைக் கழற்றிவிட்டு, வழுவழுப்பான தந்தி வரவழைத்துப் போட்டேன், விரல் உரசுகிற 'ஸ்க்ரீச்' நின்றது. இவ்வளவுக்கும் பிறகு ஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு தகர மணியோசை மட்டும் வால் மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பாயிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கழிவுத் தோல் போடுகிற தொட்டியில் கை விட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்கினார். "இது மாடு, இது செம்மறி, இது வெள்ளாட்டு லைனிங்கு. தந்திக்கு அடியில சொருவிப் பாரு. இதுக்காவது நம்ம தொழிலு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார்.

மாட்டுத் தோல் ஓசையை மொத்தமாக அடைத்துவிட்டது. செம்மறி பஞ்சு மாதிரி, ஸ்வரத்தையே விழுங்கிற்று. ஷூவுக்கு உள்ளே வைக்கிற மெல்லிய வெள்ளாட்டு லைனிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு மடிப்பு மடித்து, தந்திகள் போய் முடிகிற இடத்தில் அடியில் செருகினேன். இழுத்தேன். தகரம் போய்விட்டது. ஸ்வரம் தொடங்குகிறபோது சின்னதாக ஒரு மூச்சு, பிறகு ஓசை, பிறகு அதுவாகவே ஓய்கிற ஒரு முடிவு. நான் அறையில் தனியாக நின்று அந்த ஒரு ஸ்வரத்தையே இருபது முப்பது தடவை வாசித்தேன். கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஒருவருமில்லை.

அன்று மாலை அவள் பாடினாள், நான் வாசித்தேன். மூன்றாவது வரியில் அவள் பாட்டு நின்றது. லைன் போயிற்று என்று நினைத்துப் போனைத் தட்டினேன். "இருக்கேன்" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்த எடத்துல நீங்க கீழருந்து தூக்கித்தாங்க புடிப்பீங்க. நேரா போய் நிக்கவே மாட்டீங்க. அதே மாதிரி வந்துச்சு." போனை வைத்ததும் அவளைப் பார்க்க வேண்டும் என்று ஏக்கமாக வந்தது. சந்தோஷமாக இருந்த நாளில்தான் வீடு அவ்வளவு காலியாகத் தெரிந்தது. தட்டை எடுத்து ஒரு ஆளுக்குச் சோறு போட்டுக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, பெரிய வெள்ளிப் பாட்டுக்கான பயிற்சி, டீச்சர் அந்த நாலு குரல் பாட்டையே வைத்திருந்தார். கிட்டாரையும் ஆம்பையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது, எனக்கென்று நாற்காலியும் போட்டிருந்தார்கள். நான் அங்கே உட்காரவில்லை. நீளமான வயரை இழுத்துக்கொண்டு பின்வரிசையில் என் பழைய இடத்துக்குப் போய், ஆம்பை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு நின்றேன். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. கிட்டாரை மாட்டிக்கொண்டு பேஸ் வரிசையில் தனியாக ஒருவன் நிற்பது எனக்கே கோமாளித்தனமாகத்தான் பட்டது.

டீச்சர் என்னிடம் வந்தார். பேசுவதற்குக் கஷ்டப்பட்டார். "ஒரு தடவை சேர்ந்து பாடிப் பாக்கலாம் அண்ணா. மத்த ஞாயிறுக்குக் கண்டிப்பா வாசிங்க. பெரிய வெள்ளிக்கு மட்டும், வாத்தியம் மாதிரி இருந்துச்சுன்னா, நான் வேணாம்னு சொல்வேன். நீங்க கோச்சுக்கக் கூடாது." நான் தலையாட்டினேன். கோபித்துக்கொள்வேன் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இனி எந்த ஞாயிறும் நான் இந்த வரிசைக்கு வரப் போவதில்லை. கீபோர்டில் ஆரம்ப ஸ்வரத்தைக் கொடுத்து நிறுத்தினார். கையைத் தூக்கினார்.

முதல் வரியில் நான் எங்கிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது வரியில் கண்ணை மூடி, வாயைத் திறந்து, ஊமையாகப் பாட ஆரம்பித்தேன். விரல் பின்னால் வந்தது. கோயிலின் உயரக் கூரைக்கு ஓசை போய்த் திரும்பி வந்தபோது அதில் என் ஓசை தனியாகத் தெரியவில்லை. மற்ற மூன்று குரல்களும் என் மேல் உட்கார்ந்திருந்தன. அந்தப் பாரம் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் கிடைக்காதது. வரி முடிகிற இடத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். நான் விட மனசில்லாமல் ஸ்வரத்தை அப்படியே இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குள் போனேன்.

டீச்சர் படாரென்று மேஜையைத் தட்டி நிறுத்தினார். எல்லோரும் நின்றார்கள். கிட்டாரின் பட்டையைத் தோளிலிருந்து கழற்றவே போய்விட்டேன். அவர் கிட்டாரையும் பார்க்கவில்லை, பெஞ்சுக்கு அடியில் இருந்த ஆம்பையும் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்து, சரியாகப் பாடாதவர்களிடம் காட்டுகிற அதே எரிச்சலோடு சொன்னார்.

"பேஸ், இன்னா அவசரம்? மத்தவங்க மூச்சு எடுக்கற எடத்துல நீங்களும் எடுக்கணும்ல? ஒரே மூச்சுல அடுத்த வரிக்கு ஓடறீங்க. பெரிய வெள்ளியன்னைக்கும் இப்படித்தான் பாடப் போறீங்களா? எல்லாரும், திரும்ப முதல்லருந்து."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் அதற்குள் கையைத் தூக்கிவிட்டார். மறுபடியும் ஆரம்பித்தோம். அந்த இடம் வந்தது. தந்தியிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து நானும் மூச்சு எடுத்தேன்.